மலை இறங்கும்போது வரும் பயம்: நினைப்பு முதலா, படபடப்பு முதலா?

அம்மாபேட்டை டீச்சர்:
வணக்கம். எனக்கு ஏற்காட்டில் ஒரு பள்ளியில் வேலை, வீடு சேலம் அம்மாபேட்டையில். காலையில் பஸ்ஸில் மேலே போகும்போது ஒன்றும் இல்லை, ஜன்னலோரம் உட்கார்ந்து நோட்டு கூடத் திருத்துவேன். சாயங்காலம் இறங்கும்போதுதான் பாடு. பிரேக் லைனிங் சூடாகி ஒரு தீய்ந்த வாடை வருமே, அது மூக்கில் ஏறியதும் உள்ளங்கை வேர்த்து நெஞ்சு அடித்துக்கொள்ளும். உடனே "பிரேக் பிடிக்காது, கவிழப் போகுது" என்று நினைப்பு ஓடும். சின்னவளை இனி யார் பார்ப்பார்கள் என்பது வரை போய்விடும்.

2024 ஏப்ரல் 30-ல் பதின்மூன்றாவது வளைவில் பஸ் கவிழ்ந்ததிலிருந்துதான் இப்படி. நான் அந்த பஸ்ஸில் இல்லை. வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவை அன்று ராத்திரி திரும்பத் திரும்பப் பார்த்தேன், அவ்வளவுதான். "மனசை அடக்கு, நல்லதையே நினை" என்கிறார்கள் வீட்டில். நினைக்கத்தான் செய்கிறேன், வாடை வந்ததும் எல்லாம் பறந்துவிடுகிறது. நினைப்பால் பயம் வருகிறதா, பயத்தால் நினைப்பு வருகிறதா? எதைப் பிடித்து நிறுத்துவது? சில நாள் அறுபது அடிப் பாலத்திலேயே இறங்கிவிடலாம் போல இருக்கிறது.

லோடு வண்டி:
டீச்சர், நான் எஸ்டேட்டிலிருந்து காப்பி, மிளகு லோடு இறக்குகிறவன். பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் லைனிங் சூடேறும், ரொம்பச் சூடேறினால் பிடிப்பு குறையும், அது நிஜம். ஆனால் லேசாக வாடை வந்தாலே பிரேக் போச்சு என்று அர்த்தம் இல்லை. ஏறின கியரிலேயே இறங்கினால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். அந்த உறுமல் விடாமல் கேட்கிறதா என்று பாருங்கள். வளைவுக்கு வளைவு வேகமாக விட்டு அடித்துப் பிடிக்கிற டிரைவர் என்றால் வாய்விட்டுச் சொல்லுங்கள். அதைப் பயந்த சுபாவம் என்று யாரும் சொல்ல முடியாது.

மாரியம்மன் துணை:
அக்கா, கோட்டை மாரியம்மன் திருநீறு மடித்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். என் தங்கைக்கு அதுதான் தைரியம்.

சேலத்துச் செவிலி:
டீச்சர், மனநலப் பிரிவில் பல வருஷம் வேலை பார்த்தவள் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். உங்கள் கேள்வி பழைய கேள்வி. 1884-லேயே வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், உடம்பு முதலில் பதறுகிறது, அந்தப் பதற்றத்தை உணர்வதுதான் பயம் என்று எழுதினார். எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. நினைப்பும் பயத்தைக் கிளப்பும், வீட்டில் சும்மா உட்கார்ந்து அந்த வளைவை நினைத்தாலே உங்களுக்குப் படபடக்குமே. ஆனால் பஸ்ஸில் நடப்பது வேறு.

ஒரு ஓசைக்குப் பயப்படப் பழக்கிய எலிகளை வைத்து ஜோசப் லெடூ என்ற மூளை விஞ்ஞானி 1980களில் ஆராய்ந்தார். ஓசை, யோசிக்கிற மேல்மூளைக்குப் போய்ச் சேரும் முன்பே குறுக்குவழியில் அமிக்டலா என்ற சின்னப் பகுதிக்குப் போய்விடுகிறது என்று கண்டார். வாடைக்கு இன்னும் நேர்வழி, மூக்கிலிருந்து ரொம்ப தூரம் இல்லை. அதனால் உங்கள் கை வேர்த்த பிறகுதான் மனசு "ஏன் வேர்த்தது?" என்று காரணம் தேடுகிறது. கைக்கு எட்டுவது அந்த வீடியோ, அதை எடுத்துக் கொடுக்கிறது. இதில் உங்கள் மனசு பலவீனம் என்று ஒன்றுமே இல்லை.

"நினைக்காதே" என்பதும் உதவாது. டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987-ல், வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று மாணவர்களிடம் சொல்லிப் பார்த்தார். அவர்களால் முடியவில்லை, பிறகு நினைக்கலாம் என்றதும் இன்னும் அதிகமாக நினைத்தார்கள்.

தயவுசெய்து பாதியில் மட்டும் இறங்காதீர்கள். இறங்கியதும் ஒரு நிம்மதி வரும் பாருங்கள், "ஓடியதால் பிழைத்தேன்" என்று உடம்பு அதைத்தான் பாடமாக எடுத்துக்கொள்ளும், மறுநாள் முதல் வளைவிலேயே அடிக்க ஆரம்பிக்கும். உட்கார்ந்திருங்கள். வாடை வந்தால் வரட்டும், "கவிழப் போகுது" என்று ஒரு நினைப்பு வந்திருக்கிறது என்று மட்டும் சொல்லிக்கொள்ளுங்கள், அதோடு வாதாட வேண்டாம். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நிதானமாக்குங்கள். படபடப்பு உச்சிக்குப் போனாலும் அப்படியே நிற்காது, சில நிமிஷங்களில் இறங்கத் தொடங்கும். வாடை வந்தும் ஒன்றும் ஆகாமல் அடிவாரம் சேர்ந்த நாட்கள் சேரச் சேரத்தான் அமிக்டலா புதுசாகக் கற்கும்.

ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பழைய பயம் அழிவதில்லை, அதன் மேல் புதுப் பழக்கம் உட்காருகிறது. இடைவெளி விட்டால் பழையது தலைகாட்டும், ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் நாய்களிடமே இதைப் பார்த்தார். கோடை விடுமுறை முடிந்து முதல் வாரம் திரும்ப வந்தால் "எல்லாம் வீணாகப் போச்சு" என்று துவண்டுவிடாதீர்கள்.

திருநீறு தாராளமாக வைத்துக்கொள்ளலாம். அது இல்லாத நாளில் பஸ் ஏறவே முடியாது என்று ஆகாமல் பார்த்துக்கொண்டால் போதும். தூக்கம் கெட்டாலோ, லீவு போடும் அளவுக்கு ஆனாலோ காத்திருக்க வேண்டாம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள், இல்லை அரசு மனநல உதவி எண் 14416-ஐக் கூப்பிடுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம்.

அம்மாபேட்டை டீச்சர்:
ரொம்ப நன்றி சிஸ்டர். "பலவீனம் இல்லை" என்றதைப் படித்து அழுதுவிட்டேன். வீடியோவை போனிலிருந்து அழித்துவிட்டேன். நாளைக்கு டிரைவருக்குப் பின்னால் சீட் பிடிக்கிறேன். தம்பி, அந்த இன்ஜின் உறுமல் வளைவில் திரும்பும்போதும் கேட்க வேண்டுமா, நேர் ரோட்டில் மட்டுமா?

லோடு வண்டி:
ரெண்டிலும் கேட்கணும் டீச்சர். வளைவில் கிளட்சை மிதித்தால் சத்தம் ஒரு நொடி அடங்கும், அதற்குப் பதற வேண்டாம்.