பாம்பன் பாலத்தைக் காட்டாமல் அனுப்பியது தப்பா?

உச்சிப்புளியான்:
போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து கல்லூரி நண்பர்கள் மூன்று பேர் குடும்பத்தோடு எங்கள் உச்சிப்புளிக்கு வந்திருந்தார்கள். பெரியவர்களும் பிள்ளைகளுமாக ஒன்பது தலை. கையில் இரண்டு நாள். கூட்டத்தோடு கூட்டமாக ராமேஸ்வரத்தில் அலைவதற்கு நான் எதற்கு, நான் வளர்ந்த கரையைக் காட்டுகிறேன் என்று கிளம்பினேன்.

முதல் நாள் விடிவதற்கு முன்பே கரைவலை இழுக்கும் இடத்துக்குக் கூட்டிப்போனேன். பிள்ளைகளும் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். வலையின் மடி கரையேறியதும் மணலிலேயே ஏலம். ஒரு கூடை சூடையும் கொஞ்சம் கணவாயும் எடுத்தோம். மீன் வீட்டுக்குப் போனது, நாங்கள் திருப்புல்லாணிக்குப் போனோம். தர்ப்பைப் புல்லில் படுத்திருக்கும் ராமரைப் பார்த்துவிட்டு, சேதுக்கரையில் கால் நனைத்துவிட்டு, மதியம் வீட்டில் சாப்பாடு. மண்சட்டியில் சூடைக் குழம்பு, நம் முண்டு மிளகாய் அரைத்து ஊற்றியது. சாயங்காலம் கீழக்கரை. பழைய ஜும்மா பள்ளியின் கல்தூண்களைப் பார்த்து, "இது கோயில் மண்டபம் போலவே இருக்கிறதே" என்று ஒரு நண்பன் அதிசயப்பட்டான். பிறகு பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு கடையில் அந்த ஊர் இனிப்பான தொதல். மறுநாள் தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணம், அங்கிருந்து வடக்கே காரங்காடு, அலையாத்திக் காட்டுக்குள் படகு. இரவு ரயில்.

ராமநாதபுரம் ஸ்டேஷனில் ஆளுக்கு ஒரு கிலோ முண்டு மிளகாயும் சாயல்குடிக் கருப்பட்டியும் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு நண்பன் சொன்னான்: "எல்லாம் நன்றாக இருந்தது. ஆனால் இவ்வளவு தூரம் வந்துவிட்டுப் பாம்பன் பாலத்தைப் பார்க்கவில்லை என்று வீட்டில் எப்படிச் சொல்வேன்?"

அன்றிலிருந்து மனது அரித்துக்கொண்டே இருக்கிறது. நீங்களே சொல்லுங்கள், நான் செய்தது தப்பா?

தெற்குவாடி:
தப்புதான். உச்சிப்புளியிலிருந்து பாம்பன் எவ்வளவு தூரம்? அரை மணி நேரம். காரங்காட்டுக்குப் போக நேரம் இருந்தது, பாலத்துக்கு மட்டும் இல்லையா?

உங்களைப் போன்றவர்களிடம் ஒரு நோய் இருக்கிறது. கூட்டம் போகிற இடம் என்றால் அது நம்முடையது இல்லை என்று நினைக்கிறீர்கள். 1914இல் ரயில் பாலம் வந்தது. 1988இல் சாலைப் பாலம் திறக்கும் வரை எங்கள் தீவுக்கு ரயிலை விட்டால் படகுதான். பிரசவத்துக்குப் போனதும் ரயிலில், பெண் பார்க்கப் போனதும் ரயிலில். முன்பெல்லாம் கப்பல் வந்தால் பழைய பாலத்தின் நடுப்பகுதி இரண்டு கைகளைத் தூக்குவதுபோலத் திறக்கும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே நெட்டுக்குத்தாக மேலே எழுகிறது. இதைப் பார்க்க ஆசைப்பட்டவன் சுற்றுலாப் பயணி, கரைவலைக் கயிற்றை ஐந்து நிமிடம் பிடித்தவன் ஊரைப் புரிந்துகொண்டவனா?

உச்சிப்புளியான்:
பாலத்தின் மேல் வண்டியை நிறுத்திவிட்டுப் படம் எடுக்கிற கூட்டத்தில் என் வண்டியும் ஒன்றாக நிற்க வேண்டுமா? ஆம்புலன்ஸ்கூட ஒதுங்கி ஒதுங்கிப் போவதைப் பார்த்திருக்கிறேன். சரி, பாலத்தை விடுங்கள். பாலம் தாண்டினால் தனுஷ்கோடி என்பார்கள், தனுஷ்கோடி என்றால் பொரித்த மீன் என்பார்கள். போன வருடம் ஒருவரை அழைத்துப்போய், அங்கே ஓர் இடத்தில் செக்கச்செவேலென்று சாயப்பொடி பூசிய மீனைத் தின்றுவிட்டு, தின்ற பிறகு விலை கேட்டு வாயைப் பிளந்தேன். மீன் ஐஸ் பெட்டியில் எத்தனை நாள் கிடந்ததோ. மூன்று பக்கமும் கடல் இருக்கிற ஊரில் இது எனக்கு அவமானம்.

தெற்குவாடி:
தின்ற பிறகு விலை கேட்டது யார் குற்றம்? இந்தக் கரையில் பிறந்த மனிதருக்கு மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கத் தெரியாதா? தட்டில் அடுக்கி வைத்திருப்பதை விட்டுவிட்டு முழு மீனாகக் காட்டச் சொல்லுங்கள், விலையைப் பேசுங்கள், மசாலாவைக் குறைத்துப் போடச் சொல்லுங்கள். நான் எப்போதும் அப்படித்தான். குடிசை போட்டு மீன் பொரிக்கிற பெண்களுக்கு வருகிறவர்கள் தின்னும் அந்த நாலு துண்டுதான் வருமானம். உங்கள் தொதல் கடை மட்டும்தான் ஏழைக் கடையா?

இன்னொன்று. வெளியூர்க்காரர் "வஞ்சிரம் இருக்கிறதா" என்று கேட்பார். நாம் சீலா என்கிறோம். சென்னைக்காரருக்குச் சீலா என்றால் வேறு மீன், நாம் ஊளி என்கிறோமே அது. இந்தக் குழப்பத்தில்தான் பாதிச் சண்டை வருகிறது. உள்ளூர் ஆள் கூட நிற்பது இதற்குத்தான்.

கீழக்கரை மருமகள்:
இரண்டு பேரும் பாலத்தையும் மீனையும் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். எனக்கு ஒரே ஒரு கேள்வி. "மீன் வீட்டுக்குப் போனது, நாங்கள் திருப்புல்லாணிக்குப் போனோம்" என்று எழுதியிருக்கிறீர்களே அண்ணே, வீட்டுக்குப் போன மீன் தானாகவே செதில் உரித்துக்கொண்டு சட்டியில் குதித்ததா?

ஒரு கூடை சூடை. விரல் நீள மீன். ஒவ்வொன்றாகத் தலை கிள்ளி, குடல் எடுத்து, உரசிக் கழுவ வேண்டும். வீட்டு ஆட்களையும் சேர்த்தால் பன்னிரண்டு, பதின்மூன்று பேருக்கு. கணவாய்க்கு மை எடுக்க வேண்டும், எடுக்கிற கை நாள் முழுக்கக் கறுத்துக் கிடக்கும். நம் ஊரின் நல்ல சாப்பாடு கடையில் இல்லை, வீட்டில்தான் இருக்கிறது என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் அனேகமாக அடுப்படிக்குள் போகாதவர்கள்.

உச்சிப்புளியான்:
அக்கா, அம்மாவும் என் மனைவியும் சேர்ந்துதான் சமைத்தார்கள். விருந்தாளி வந்தால் எங்கள் வீட்டில் அது சந்தோஷம். யாரும் முகம் சுளிக்கவில்லை.

கீழக்கரை மருமகள்:
சுளிக்கவில்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கள்தான் சேதுக்கரையில் கால் நனைத்துக்கொண்டிருந்தீர்களே.

தெற்குவாடி:
நான் இனி இந்தப் பக்கம் வாயைத் திறக்கப் போவதில்லை. என் வீட்டிலும் இதே கதைதான்.

தொண்டிக் கடலான்:
சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தத் தொதல் கடை எங்கே இருக்கிறது?

உச்சிப்புளியான்:
மன்னிக்க வேண்டும், சொல்ல மாட்டேன். ஒரு நாளைக்கு ஓர் உருளிதான் கிண்டுகிறார்கள். இங்கே எழுதினால் அடுத்த வாரமே நாலு பேர் கேமராவைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அதற்கடுத்த வாரம் கடைக்காரர் இரண்டு ஆள் வைத்து நாலு உருளி போடுவார், தேங்காய்ப்பாலில் தண்ணீர் சேரும், கருப்பட்டி போய்ச் சர்க்கரை வரும். இப்படிக் கெட்டுப்போன பரோட்டாக் கடை ஒன்றை என் கண்ணால் பார்த்தவன்.

தொண்டிக் கடலான்:
செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்பார்கள். அவர் ஊர்க் கடையின் விலாசத்தைக்கூடக் கொடுக்க மாட்டேன் என்கிறீர்களே!

கீழக்கரை மருமகள்:
சீதக்காதியை இழுத்தது நன்றாக இருந்தது. அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து, அடிப்பிடிக்காமல் மணிக்கணக்காகத் துடுப்புப் போட வேண்டும். எண்ணெய் பிரிந்து, துடுப்பில் ஒட்டாமல் சுருண்டு வரும் வரை கை ஓயக் கூடாது. கப்பலோட்டியவர்களின் பலகாரம் இது. இலங்கையிலும் தொதல் உண்டு, மலேசியாவில் டோடோல் என்கிறார்கள். கடலில் அத்தனை தூரம் போய்வந்த பண்டத்தை ஒரு சந்துக்குள் ஒளித்து வைக்கிறேன் என்கிறார் அண்ணன். கிண்டுகிறவருக்கு நாலு உருளி விற்க ஆசை இருக்காதா? அவரைக் கேட்டீர்களா?

சிறுவாணி:
நான் கோயம்புத்தூர். இந்த விவாதத்தில் விருந்தாளி தரப்பில் பேச யாருமே இல்லையே என்றுதான் எழுதுகிறேன். சூடை மீன் குழம்பை இலையில் வைத்தபோது அந்தப் பிள்ளைகள் என்ன செய்தன என்று உச்சிப்புளியார் எழுதவே இல்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முள் எடுத்துப் பழக்கம் கிடையாது. அனேகமாக ரசத்தைப் பிசைந்து அப்பளம் தின்றிருப்பார்கள். சரியா?

உச்சிப்புளியான்:
தயிர் சோறு.

சிறுவாணி:
நினைத்தேன். நீங்கள் வளர்ந்த கரையைப் பார்க்க உங்கள் நண்பர் ஆசைப்படலாம். நண்பரின் மனைவியும் மாமியாரும் வருவது வேறு காரணத்துக்காக. சில வருடங்களுக்கு முன் என் அம்மாவை அழைத்துக்கொண்டு ராமநாதபுரத்தில் உடன் வேலை பார்த்த ஒருவர் வீட்டில் தங்கினேன். அம்மாவுக்கு ராமேஸ்வரத்தில் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆட வேண்டும், அவ்வளவுதான். அந்த மனிதருக்குக் கோயில் குளம் என்றால் ஆகாது. ஆனாலும் விடியற்காலையில் காரை எடுத்தார். அக்னி தீர்த்தத்தில் தொடங்கி வாளி வாளியாக ஊற்றிக்கொண்டு, நடுங்கிப்போய் நாங்கள் வெளியே வந்தபோது, வாசலில் உலர்ந்த துண்டும் பிளாஸ்கில் சுக்குக் காபியும் வைத்துக்கொண்டு நின்றார். எங்கே வாங்கினார், யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. அம்மா போய்ச் சேரும் வரை அந்தச் சுக்குக் காபியைப் பேசிக்கொண்டிருந்தார். அவருக்கும் பிடித்த இடங்கள் எத்தனையோ இருந்திருக்கும். ஒன்றைக்கூட எங்கள் தலையில் கட்டவில்லை.

தொண்டிக் கடலான்:
இதுதான் விருந்தோம்பல். மிளகாயைக் கட்டிக் கொடுத்து அனுப்புவது அல்ல.

உச்சிப்புளியான்:
மிளகாயைக் குறை சொல்லாதீர்கள். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய்.

சரி, சிறுவாணி சொன்னது உறைக்கிறது. பாலத்தைக் காட்டியிருக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். பாலம் தாண்டிக் குந்துகாலுக்காவது போயிருக்கலாம், 1897இல் விவேகானந்தர் இலங்கையிலிருந்து வந்து இறங்கிய கரை, கூட்டமும் குறைவு. சமையல் விஷயத்தில் அக்கா சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. நேற்று மனைவியிடம் கேட்டேன். "இப்போதாவது கேட்டீர்களே" என்றாள். மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை.

ஆனால் தனுஷ்கோடிக்கு மட்டும் போக மாட்டேன். மீனும் சாயப்பொடியும் நான் சொன்ன சாக்கு. என் பெரியப்பா அங்கே ஸ்டேஷன் பக்கம் டீக்கடை வைத்திருந்தவர். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலையே கடல் கொண்டுபோனது எல்லோருக்கும் தெரியும். பெரியப்பாவுக்கு உடல்கூடக் கிடைக்கவில்லை. அப்பா சாகும் வரை அந்தப் பக்கம் திரும்பியதில்லை. இடிந்த தேவாலயத்துச் சுவர் முன்னால் நின்று சிரித்துப் படம் எடுப்பார்கள், நான் கேமராவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அது என்னால் ஆகாது.

தெற்குவாடி:
இதை முதலிலேயே எழுதியிருந்தால் நான் அப்படிப் பேசியிருக்க மாட்டேன் அண்ணே.

ஆனாலும் கேட்கிறேன், கோபப்படாதீர்கள். இதை நண்பர்களிடம் சொன்னீர்களா?

உச்சிப்புளியான்:
இல்லை. சுற்றிப் பார்க்க வந்தவர்களிடம் சாவுக் கதையை எடுப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

தெற்குவாடி:
அங்கேதான் நமக்குள் பேதம். என் வீட்டிலும் அந்தப் புயலில் இரண்டு பேர் போனார்கள். வருகிற ஒவ்வொருவரையும் நான் அங்கே அழைத்துப்போகிறேன். இந்தப் பக்கம் அமைதியான பெண்கடல், அந்தப் பக்கம் அலையடிக்கிற ஆண்கடல் என்று காட்டுவேன். மணலைக் கையால் தோண்டி ஊறுகிற தண்ணீரை நாக்கில் வைக்கச் சொல்வேன், உப்புக் கரிக்காது. பிறகு தண்டவாளம் போன திசையைக் காட்டி, ரயில் கதையைச் சொல்வேன். அதற்குப் பிறகும் சிரித்துப் படம் எடுக்கிறவன் எடுக்கட்டும். எடுக்காமல் போனவர்களும் உண்டு. உங்கள் நண்பர்கள் எந்த வகை என்று பார்க்க நீங்கள் இடமே கொடுக்கவில்லை.

உச்சிப்புளியான்:
நீங்கள் சொல்வது நியாயமாக இருக்கலாம். என் கால் போகாது.

கீழக்கரை மருமகள்:
போக வேண்டாம் அண்ணே. தெற்குவாடி அழைத்துப் போகட்டும், நீங்கள் பாம்பனில் இறங்கிக்கொள்ளுங்கள். எல்லா இடத்துக்கும் ஒரே ஆள்தான் கூட வர வேண்டும் என்று யார் சொன்னது?

சிறுவாணி:
இதைப் படித்ததும் எனக்கே வர ஆசையாக இருக்கிறது. பிள்ளைகளுக்கு மே மாதம்தான் விடுமுறை. அப்போது வந்தால் சீலா மீன் கிடைக்குமா? தெற்குவாடி, தனுஷ்கோடிக்கு அழைத்துப் போவீர்களா?

தெற்குவாடி:
ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீன்தான் வரும், சீலா வந்தால் விலை கையைச் சுடும். கச்சான் காற்று கிளம்பிவிட்டால் தனுஷ்கோடிக் கோடியில் அரிச்சல்முனையில் மணல் முகத்தில் அறையும். காலையிலேயே போய்த் திரும்பிவிட வேண்டும், எப்படியும் இருட்டிய பிறகு அங்கே இருக்க விடமாட்டார்கள். இதற்கெல்லாம் சம்மதம் என்றால் வாருங்கள், அழைத்துப் போகிறேன். பிள்ளைகளுக்கு நண்டு வாங்கலாம், முள் இல்லை. அதற்குள் ஓட்டை உடைக்கப் பழகிக்கொள்ளச் சொல்லுங்கள்.

உச்சிப்புளியான்:
மே மாதம் என்றால் நுங்கும் பதநீரும் என் பொறுப்பு. சமையல் என் பொறுப்பு என்று சொல்லத் தைரியம் இல்லை, மீன் கழுவுவது என் பொறுப்பு.

தொண்டிக் கடலானுக்கு: இன்று கீழக்கரைக்குப் போனபோது தொதல் கடைக்காரரிடமே கேட்டுவிட்டேன். "தாராளமாகச் சொல்லுங்கள், மிச்சம் விழுந்தால்தான் எனக்குக் கவலை" என்று சிரிக்கிறார். பழைய ஜும்மா பள்ளிப் பக்கம் போய், மாலை அசர் தொழுகை முடிந்த பிறகு, கருப்பட்டித் தொதல் கிண்டுகிற வீடு எது என்று யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் கிடையாது.

தொண்டிக் கடலான்:
எனக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை.