நுரைக் கண்ணாடிக் கட்டி தண்ணீர் குடிக்கிறது, ஆறும்போது பிளக்கிறது: என்ன செய்யலாம்?

வில்லியனூர் மாடிவீடு:
வெயில் சூடு வீட்டுக்குள் இறங்காமலிருக்க, மொட்டை மாடி ஓட்டுக்கு அடியில் பரப்ப நுரைக் கண்ணாடிக் கட்டிகளை (கண்ணாடிப் பொடியை உப்பவைத்துச் சுட்ட, குமிழி நிறைந்த கட்டிகள்) நானே சுட்டுப் பார்க்கிறேன். புதுச்சேரியில் காலி பாட்டிலுக்குப் பஞ்சமா! இடித்து, மாவுச் சல்லடையில் சலித்து, நூற்றுக்கு 5 பங்கு கிளிஞ்சல் பொடி கலந்து, நண்பரின் மின்சூளையில் 900 டிகிரியில் முக்கால் மணி நேரம் வைத்தேன். நன்றாகவே உப்பியது. ஆனால் 412 கிராம் கட்டியை இரவு முழுதும் நீரில் அமுக்கி வைத்தால் காலையில் 655 கிராம். ஐப்பசி மழைக்குத் தாங்குமா? போதாக்குறைக்கு இரண்டு கட்டிகள் ஆறும்போதே நடுவில் பிளந்துவிட்டன.

முதுநகர் பட்டறை:
தம்பி, அறுத்த முகத்தில் ஒரு சொட்டு மை விடுங்கள். விழுந்த குழியிலேயே நின்றால் குமிழி அறைகள் மூடியவை. பக்கத்தில் பரவினால் சுவர்கள் கிழிந்திருக்கின்றன. கிளிஞ்சல் சூட்டில் கரியமில வாயுவை விடும்; 5 பங்கு மிக அதிகம். 2 பங்கு போட்டு 820 டிகிரியில் நிறுத்துங்கள். பொடியும் கோலமாவுப் பதத்தில் இருந்தால் போதாது, முகப் பவுடர் பதம் வேண்டும். பருமனாக இருந்தால் கண்ணாடி இளகி மூடிக்கொள்வதற்குள் வாயு ஓடிவிடும். இடிக்கும்போது முகக்கவசம் போடுங்கள்.

வில்லியனூர் மாடிவீடு:
மை நான்கு குழிகளுக்குப் பரவிவிட்டது ஐயா.

பீங்கான் சூளைக்காரன்:
மழையில் கிடக்கும் பொருளுக்குக் கிளிஞ்சலையே நான் நம்பமாட்டேன். கல் பாலிஷ் போடுபவர்கள் வாங்கும் கார்போரண்டம் பொடி, அதாவது சிலிக்கான் கார்பைடு, நூற்றுக்கு 1 பங்கு போதும். மூடிய அறைகள் அதில்தான் எளிதாகக் கிடைக்கும். சூடு மட்டும் 900ஐ ஒட்டி வேண்டும். கரித்தூளும் நுரைக்கும், அறுத்தால் அழுகிய முட்டை நாற்றம் வரலாம்! பிளப்பு வேறு கதை. உப்பியதும் 600க்கு விரைவாக இறக்கினால் குமிழிகள் உறையும். அதன்பின் அவசரம் கூடாது. கட்டி சூட்டைக் கடத்தாது என்பதுதானே அதன் பெருமை? மேல்தோல் ஆறினாலும் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். 550இலிருந்து 450 வரை மணிக்கு 20 டிகிரி போதும். சூளையை மறுநாள் திறங்கள். பழைய டிவி பிக்சர் டியூபை மட்டும் கலக்காதீர்கள், ஈயம் இருக்கும்.

வில்லியனூர் மாடிவீடு:
கார்போரண்டம் போட்டேன். விரிசல் இல்லை. 398 கிராம் கட்டி ஊறியபின் 421தான். ஆனால் அடிப்பக்கம் அச்சோடு ஒட்டிக்கொண்டு, உளியால் பெயர்த்தேன்.

முதுநகர் பட்டறை:
அச்சில் சீனக் களிமண் கரைசல் பூசிக் காயவிட்டீர்களா?

வில்லியனூர் மாடிவீடு:
இல்லை ஐயா. நாளை பூசுகிறேன்.