புதுப்பிப்பு: அம்மாவின் நெய் என்ன ஆயிற்று?

பெங்களூரிலிருந்து மதுரைக்கு விமானத்தில் திரும்பும் அம்மாவின் கைப்பையில் நெய்யும் பவர் பேங்கும் போகுமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். நேற்று ஏற்றிவிட்டு வந்தேன். டெர்மினல் வாசலுக்கு மேல் என்னை விடமாட்டார்கள், மீதி அம்மா போனில் சொன்னது.

நீங்கள் சொன்னபடி பெரிய நெய் டப்பாவை செக்-இன் பெட்டியில் வைத்தோம், அது பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. ஆனால் எனக்குத் தெரியாமல் அம்மா கைப்பையில் 200 மி.லி. நெய் பாட்டில் ஒன்றைச் சொருகியிருக்கிறார். ஸ்கேனரில் மாட்டியது. "பாதிதானே இருக்கு தம்பி" என்று வாதாடியிருக்கிறார். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பது கணக்கில்லையாம், பாட்டிலின் கொள்ளளவே 100 மி.லி.க்குள் இருக்க வேண்டும். நெய்யும் திரவக் கணக்குதான். அங்கேயே விட்டுவிட்டு வந்தார். வெண்ணெய் உருக்கியவருக்கு வருத்தம் இருக்காதா!

பவர் பேங்க் தொல்லை தரவில்லை. அதைப் பெட்டிக்குள் போடவே கூடாது, கைப்பையில்தான். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் கேபினில் உடனே கவனிக்கலாம். எங்களுடையது 20,000 எம்ஏஎச். 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 74 வாட்-அவர், வரம்பு 100 வாட்-அவர்.