நெடிய பகலில் ஒரு பூந்தோட்டம்

பூந்தோட்டத்துக்குப் போனால் அரை மணி நேரம் சுற்றிவிட்டு, நான்கு படங்கள் எடுத்துக்கொண்டு திரும்புவதே என் வழக்கம். சென்ற ஆண்டு ஜூன் 21 அன்று, வானியல் கணக்கில் வட அரைக்கோளத்தின் கோடை தொடங்கும் அந்த மிக நீண்ட பகலில், காலை முதல் அந்தி வரை ஒரே தோட்டத்தில் இருந்து பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

நீர் பாய்ச்சிக்கொண்டிருந்த தோட்டக்காரர், "முதலில் சூரியகாந்திப் பக்கம் போங்கள் ஐயா, தேனீக்கள் காலையிலேயே வந்துவிடும்" என்றார். சூரியகாந்தி நாள் முழுவதும் கதிரவனோடு திரும்பும் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். ஆனால் அப்படித் திரும்புபவை வளரும் இளஞ்செடிகளே. முழுதாக விரிந்த பூக்கள் கிழக்கு நோக்கியே நின்றுவிடுகின்றன. அதனால் அவை காலையில் விரைவாகச் சூடேறித் தேனீக்களைக் கூடுதலாக ஈர்க்கின்றன என்று 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. ஒரு பூவின் அருகே குனிந்து பார்த்தேன். நாம் ஒரு பூ என்று சொல்வது உண்மையில் நூற்றுக்கணக்கான சிறு பூக்களின் கூட்டம். அவை விளிம்பிலிருந்து நடுவை நோக்கி வட்டம் வட்டமாக மலர்ந்துகொண்டிருந்தன. மகரந்தம் அப்பிய கால்களோடு ஒரு தேனீ, மலர்ந்த வட்டத்தை மட்டும் பிடித்துக்கொண்டு சுற்றி வந்தது. அதைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் நின்றேன் என்பது எனக்கே தெரியாது.

காலையில் மூடிக் கிடந்த பத்துமணிப் பூக்கள், வெயில் ஏறியதும் பாத்தி முழுவதும் விரிந்துவிட்டன. புல்நுனியால் ஒன்றின் மகரந்தத் தாள்களை மெல்லத் தொட்டபோது, அவை தாமாகவே அசைந்து சாய்ந்தன. அந்தச் சிறு அசைவு தந்த மகிழ்ச்சி இன்னும் என்னுள் இருக்கிறது. பூக்கள் மலரும் நேரத்தைக் கொண்டே மணி சொல்லலாம் என்று ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் கார்ல் லின்னேயஸ் 1751இல் எழுதிய மலர்க் கடிகாரக் கருத்து அப்போதுதான் எனக்கு மெய்யாகவே புரிந்தது.

நண்பகலை மரநிழலில் கழித்தேன். மாலையில், பத்துமணிப் பூக்கள் சுருங்கிய பிறகு, அதுவரை நான் கவனிக்காமலே கடந்து போன வேலியோரச் செடிகளில் அந்திமந்தாரை மலரத் தொடங்கியது. மணம் மெல்லப் பரவ, இருட்டும் வேளையில் ஓர் அந்துப்பூச்சி வந்து, பூவில் அமராமலே சிறகடித்து நின்று, நீண்ட உறிஞ்சுகுழலை உள்ளே நீட்டியது. வாயிற்கதவைச் சாத்த வந்த தோட்டக்காரரும் அது பறந்து போகும்வரை என்னோடு நின்றார்.