31 இஞ்ச் டயர் போட்டால் பின் ஆக்ஸில் கியர் மாறுமா, மாறாதா?

உச்சிப்புளி ஜீப்காரன்
என் ஜீப்புக்கு வரும்போதே இருந்த டயர் 215/75 ஆர்15. போன மாதம் 31 இஞ்ச் டயர் ஏற்றினேன். கடற்கரையில் இறங்கி வலையும் ஐஸ் பெட்டியும் ஏற்றுகிற வண்டி, மணலில் புதையக்கூடாது என்றுதான் போட்டேன். இப்போது ஃபிப்த் கியரில் இழுவை இல்லை. மைலேஜும் 12லிருந்து 11க்கு இறங்கிவிட்டது. பார்த்தவர் ஒருவர் "பின் ஆக்ஸில் ரேஷியோ மாறிப்போச்சு" என்கிறார். பல்சக்கரம் இருக்கிற ஆக்ஸில் கூட்டையே திறக்கவில்லை, உள்ளே எப்படி மாறும்?

தங்கச்சிமடம் தம்பி
மாறவே மாறாது அண்ணே. ஆக்ஸிலுக்குள் இருக்கிற பெரிய பல்சக்கரமான க்ரவுனில் எத்தனை பல், அதைச் சுற்றுகிற சின்னப் பல்சக்கரமான பினியனில் எத்தனை பல் என்பதுதான் ரேஷியோ. டயரை மாற்றினால் பல் முளைக்குமா? காற்று குறைவாக இருக்கும், அதைப் பாருங்கள்.

தேவிபட்டினம் டீச்சர்
பல் முளைக்காது தம்பி, ஆனால் வண்டியை நகர்த்துவது பல் இல்லை, தரையைத் தொடுகிற டயர். 215/75 டயரின் உயரம் 703.5 மி.மீ. (டயர் அகலம் 215இல் 75 சதவீதம் 161.25, அது மேலும் கீழும் இரண்டு முறை, நடுவில் 15 இஞ்ச் ரிம் 381.) 31 இஞ்ச் என்றால் 787 மி.மீ. ஏறக்குறைய 12 சதவீதம் அதிகம்.

ஒரு கிலோமீட்டருக்குப் பழைய டயர் 452 சுற்று, புதியது 404. கணக்குக்காக க்ரவுன் 41 பல், பினியன் 10 பல், அதாவது 4.1 என்று வைத்துக்கொள்வோம். நேர் கியரான ஃபோர்த்தில் 60 கி.மீ. வேகத்துக்கு எஞ்சின் முன்பு 1,850 சுற்று சுற்றியது, இப்போது 1,650தான். பழைய டயரிலேயே இந்தச் சுற்று வர வேண்டுமானால் ஆக்ஸில் 3.66 ஆக இருந்திருக்க வேண்டும். அதைத்தான் அவர் ரேஷியோ மாறியது என்று சொல்லியிருப்பார். பேச்சில் பிழை, பொருளில் சரி.

கீழக்கரைக் காக்கா
அப்போ நல்லதுதானே டீச்சர்? எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் டீசல் மிச்சம். கொடைக்கானல் ஏறுகிறவன் பயப்படட்டும். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை நம்ம கிழக்குக் கடற்கரைச் சாலையில் மேடு எங்கே இருக்கிறது? பாம்பன் பாலத்தில் ஏறி இறங்குவது ஒன்றுதான் மேடு. நான் மீன் ஏற்றும் பிக்கப்பில் பெரிய டயர்தான் ஓட்டுகிறேன், ஒரு குறையும் இல்லை.

மண்டபம் ஒர்க்‌ஷாப்
காக்கா, மேடு இல்லைதான். ஆடி மாதம் ராமேஸ்வரத்திலிருந்து லோடு ஏற்றிக்கொண்டு பாலத்தில் மேற்கே வந்திருக்கிறீர்களா? தென்மேற்கிலிருந்து அடிக்கிற அடியில் ஃபிப்த் கியர் நிற்காது, ஃபோர்த்துக்கு இறக்கித்தான் வர வேண்டும். அப்புறம் மிச்சம் எங்கே? நமக்கு மலை என்றால் காற்றும் மணலும்தான்.

மணலில் இன்னும் மோசம். டயர் உயரம் 12 சதவீதம் கூடினால் தரையில் கிடைக்கிற இழுவை 10 சதவீதத்துக்கு மேல் குறைகிறது. முன்பு 100 கிலோ இழுத்த இடத்தில் இப்போது 89 கிலோ. டிரைவர் என்ன செய்வான்? பாதி கிளட்சை மிதித்துக்கொண்டு ஆக்சிலேட்டரை அழுத்துவான். பிளேட் கருகி என்னிடம் வருவான். எனக்கு லாபம்தான், இருந்தாலும் சொல்கிறேன்.

கீழக்கரைக் காக்கா
தனுஷ்கோடிக்கு 2017இல் ரோடு திறப்பதற்கு முன்னால் ஜீப்பும் வேனும் மணலிலேயே ஆள் ஏற்றிப் போனதே, அவர்கள் எல்லாம் பல் எண்ணிவிட்டா போனார்கள்? காற்றை இறக்கினார்கள், போனார்கள். காற்றை இறக்கினால் டயர் தாழ்கிறது, உயரம் குறைகிறது, உங்கள் கியரும் திரும்பி வந்துவிடுகிறது. கணக்கு முடிந்தது.

தேவிபட்டினம் டீச்சர்
இல்லை காக்கா. ரேடியல் டயருக்குள் எஃகு பெல்ட் இருக்கிறது. காற்று குறைந்தால் அடிப்பக்கம் சப்பையாகும், ஆனால் பெல்ட்டின் சுற்றளவு சுருங்காது. கிலோமீட்டருக்கு எத்தனை சுற்று என்பதில் சொற்ப வித்தியாசம்தான் வரும். காற்றை இறக்கியவர்கள் ஜெயித்தது கியரால் இல்லை, தரையைத் தொடும் பரப்பு நீண்டதால். அது வேறு, இது வேறு.

தங்கச்சிமடம் தம்பி
சரி டீச்சர், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அண்ணன் ஜீப்பில் லோ ரேஞ்ச் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுகிற தனி கியர்) இருக்குமே. மணலில் அதைப் போட்டால் இந்த 10 சதவீதம் எல்லாம் ஒரு பொருட்டா?

மண்டபம் ஒர்க்‌ஷாப்
இது நல்ல கேள்வி. லோ போட்டால் பிரச்சினை இல்லை. காக்காவின் பிக்கப்பில்தான் லோ கிடையாது, ஆனால் வாதாடுவது அவர்தான்!

ஜீப்காரர் பழைய இழுவை வேண்டுமென்றால் ரேஷியோவை 4.6 பக்கம் கொண்டுபோக வேண்டும். 41 பல் க்ரவுனுக்கு 9 பல் பினியன் என்றால் 4.56, கிட்டத்தட்ட சரி. ஆனால் பின்னால் மட்டும் மாற்றிவிட்டு முன் ஆக்ஸிலை விட்டுவிடாதீர்கள். ஃபோர் வீல் போட்டதும் இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி எதையாவது உடைத்துவிடும். ஜோடி புதிதாகப் போட்டால் பல்லில் மை தடவி, எந்த இடத்தில் பதிகிறது என்று பார்த்து ஷிம் (மெல்லிய தகடு) வைக்க வேண்டும். அவசரப்பட்டு மாட்டினால் 50 கி.மீ. வேகத்தில் ஊளையிடும்.

அதற்கு முன் உங்கள் வண்டியில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். கூட்டைத் திறக்க வேண்டாம். முன் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை விடுங்கள். ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கில் தூக்கி 2 முழுச் சுற்று சுற்றுங்கள். அதற்குள் புரோப்பெல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்கு வரும் தண்டு) எத்தனை சுற்று வருகிறதோ அதுதான் ரேஷியோ. சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டால் எண்ணச் சுலபம்.

உச்சிப்புளி ஜீப்காரன்
இன்று காலை பார்த்துவிட்டேன். 4 சுற்றும் கொஞ்சமும் வந்தது, டீச்சர் கணக்குக்கு வைத்துக்கொண்டது போலத்தான். கையோடு இன்னொன்றும் செய்தேன். ராமநாதபுரம் ரோட்டில் கிலோமீட்டர் கல் பார்த்து 10 கி.மீ. ஓட்டினேன். மீட்டர் 9ஐத் தொடவில்லை.

தேவிபட்டினம் டீச்சர்
அப்படியானால் உங்கள் மைலேஜ் புகாரைத் திரும்பப் பாருங்கள். மீட்டர் 11 கி.மீ. என்று காட்டும்போது வண்டி உண்மையில் 12.3 ஓடியிருக்கிறது. குறையவில்லை, துளி கூடியிருக்கிறது. ஸ்பீடோமீட்டரும் அப்படித்தான்: 60 காட்டினால் உண்மை வேகம் 67. பாலத்தில் கவனம்.

கீழக்கரைக் காக்கா
பார்த்தீர்களா! நான் சொன்னேனே, டீசல் மிச்சம் என்று!

மண்டபம் ஒர்க்‌ஷாப்
ஒத்துக்கொள்கிறேன் காக்கா, டீசலில் நீங்கள் ஜெயித்தீர்கள். உங்கள் பிக்கப்பில் கடைசியாகக் கிளட்ச் பிளேட் எப்போது மாற்றினீர்கள்?

கீழக்கரைக் காக்கா
நோன்புக்கு முன்னால். அதற்கு முன் தீபாவளி நேரத்தில் ஒன்று. ஏன் கேட்கிறீர்கள்?

உச்சிப்புளி ஜீப்காரன்
எனக்குப் பதில் கிடைத்துவிட்டது காக்கா. 235/75 விசாரிக்கிறேன். டீச்சர், அதற்கு எத்தனை சதவீதம்?

தேவிபட்டினம் டீச்சர்
733.5 மி.மீ. நாலேகால் சதவீதம்தான் கூடும். லோ ரேஞ்சை மறந்த நாளிலும் மன்னிக்கும்.