நரி காலர் ரிசீவர்: கோடுகள் வெட்டும் இடத்தில் நரி இல்லை, எங்கே தப்பு?

கோரையாற்றங்கரை:
வணக்கம். முத்துப்பேட்டைக்கு வடக்கே கோரையாற்றுக் கரையோரம் ரேடியோ அலை அனுப்பும் காலர் (கழுத்துப்பட்டை) போட்ட இரண்டு நரிகளைப் பின்தொடர்கிறோம். வனத்துறை அனுமதியும் அலைவரிசை உரிமமும் இருக்கிறது. 150 மெகாஹெர்ட்ஸ் காலர், கைரிசீவர், மூன்று கம்பி யாகி ஆண்டெனா (நீட்டிய திசையிலிருந்து வரும் அலையைக் கூடுதலாகப் பிடிப்பது). கரைமேல் இரண்டு இடத்தில் நின்று திசை எடுத்து வரைபடத்தில் கோடு போட்டால், கோடுகள் வெட்டும் இடத்துக்கும் நரி படுத்திருக்கும் கருவேலம் புதருக்கும் 250 மீட்டர் வரை வித்தியாசம். சில நேரம் முன்னும் பின்னும் ஒரே சத்தம். ரிசீவர் பழுதா? எஃப்எம் வாக்கி-டாக்கியில் அதே அலைவரிசையை வைத்தால் ஒன்றும் கேட்கவில்லை. அதனால் காலர்மீதும் சந்தேகமாக இருக்கிறது.

யாகிக்கம்பி:
காலரைச் சந்தேகப்பட வேண்டாம். அது அனுப்புவது பேச்சு ஏற்றாத வெறும் அலைத்துடிப்பு, ஒவ்வொன்றும் கண்ணிமைக்கும் நேரம்கூட இராது. எஃப்எம் கருவிக்கு அதில் கேட்க எதுவும் இல்லை. காலர் ரிசீவருக்குள் இன்னொரு அலையைக் கலந்துதான் 'பிப்... பிப்' சத்தம் உண்டாகிறது. இப்படி அலை கலக்கும் எஸ்எஸ்பி அல்லது சிடபிள்யூ வசதியுள்ள ரிசீவரில் மட்டுமே கேட்கும்.

முன்னும் பின்னும் ஒரே சத்தம் என்றால் கெயின் (ரிசீவர் சிக்னலைப் பெருக்கும் அளவு) அதிகம். ரிசீவர் திணறிவிட்டால் எந்தப் பக்கம் திருப்பினாலும் உரக்கத்தான் கேட்கும். சத்தம் காதுக்கு எட்டியும் எட்டாமலும் இருக்கும் அளவுக்குக் கெயினைக் குறைத்துவிட்டு, பிறகு சுற்றுங்கள். உரத்த இடத்தைத் தேடாதீர்கள், மூன்று கம்பி யாகியில் அது அகலமானது. இடப்பக்கம் சத்தம் மறையும் டிகிரியையும் வலப்பக்கம் மறையும் டிகிரியையும் குறித்து, நடுவை எடுங்கள். 40-லும் 110-லும் மறைந்தால் திசை 75. கம்பிகளைப் படுக்கவைத்துப் பிடித்தால் திசை கூர்மையாகும். சத்தம் ரொம்ப நலிந்தால் நிமிர்த்திப் பிடித்துப் பாருங்கள். நரி படுத்தால் காலரின் ஆண்டெனாக் கம்பியும் சாயும்.

காலரின் அலைவரிசை சூட்டுக்கும் குளிருக்கும் ஓரிரண்டு கிலோஹெர்ட்ஸ் நகரும். விடியற்காலையில் பிடித்த எண்ணை மத்தியானம் அப்படியே நம்பாமல் மேலும் கீழும் தட்டிப் பாருங்கள்.

மடைவாய்:
250 மீட்டருக்குக் காரணம் நீங்கள் நிற்கும் இடம்தான். கையில் பிடித்து எடுக்கும் திசையில் 5 டிகிரி பிசகு சாதாரணம். 1 கிலோமீட்டரில் அது 87 மீட்டர். இரண்டு கோடும் 90 டிகிரியில் வெட்டினால் ஒரு கோட்டின் பிசகு அந்த அளவோடு நிற்கும். ஒரே கரையில் கொஞ்ச தூரம் நடந்து எடுத்தால் கோடுகள் 20 டிகிரியில்தான் வெட்டும். அப்போது ஒரு கோட்டின் பிசகே கிட்டத்தட்ட மூன்று மடங்காகி 250-ஐத் தொடும். நீங்கள் சொன்ன கணக்கு அப்படியே வருகிறது.

நம் பக்கத்துத் தொல்லை இந்த ஆறுதான். எதிர்க்கரைக்குப் போக அடுத்த பாலமோ ரெகுலேட்டரோ (ஆற்று மதகு) வரை சுற்ற வேண்டும், அதற்குள் நரி நகர்ந்துவிடும். ஆகவே இரண்டு பேர், இரண்டு ரிசீவர், இரண்டு கரை. போனில் பேசி ஒரே நிமிடத்தில் திசை எடுங்கள். வெட்டுக்கோணம் 60-லிருந்து 120 வரை இருக்கட்டும். ஒரு ரிசீவர்தான் என்றால் நரி பகலில் படுத்திருக்கும் நேரத்தை மட்டும் கணக்கில் வையுங்கள், ராத்திரிப் புள்ளிகளை நம்பாதீர்கள். திசைகாட்டியை ரிசீவர் பக்கத்தில் பிடிக்கவே கூடாது. அதன் ஸ்பீக்கரில் காந்தம் இருக்கிறது.

உப்புக்காற்று:
கேபிளை விட்டுவிட்டீர்களே. கடலோரத்தில் பிஎன்சி முனையின் (கேபிளை மாட்டும் இணைப்பு) நடு ஊசியில் பச்சைக் களிம்பு ஏறும், சத்தம் தானாக மங்கும். சிக்னல் வரும்போது கைப்பிடி அருகே கேபிளை மெல்ல வளைத்துப் பாருங்கள். விட்டு விட்டுக் கேட்டால் உள்கம்பி அறுந்திருக்கிறது. கேபிளை இரு முனையிலும் கழற்றி மல்டிமீட்டர் வையுங்கள்: ஊசிக்கு ஊசி தொடர்பு வேண்டும், ஊசிக்கும் வெளிக்கூட்டுக்கும் தொடர்பே கூடாது. களிம்பை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, நன்கு காய்ந்தபின் மாட்டுங்கள்.

'கரகர' இரைச்சல் வந்தால் பைக்கை அணையுங்கள். போகாவிட்டால் உயரழுத்த மின்கம்பியோ மோட்டார் கொட்டகையோ பக்கத்தில் இருக்கும், 100 மீட்டர் தள்ளிப் போங்கள். தகரக் கொட்டகை அருகே எடுத்த திசையும் பொய், அலை அதில் பட்டுத் திரும்பி வருகிறது.

கோரையாற்றங்கரை:
நன்றி. கேபிளை வளைத்தால் நிஜமாகவே விட்டு விட்டுக் கேட்கிறது, மாற்றுகிறோம். எங்கள் பிசகு எத்தனை டிகிரி என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மடைவாய்:
மாற்றுக் காலர் ஒன்றில், அதை அணைத்துவைத்திருக்கும் காந்தத்தை எடுத்து இயக்குங்கள். உப்புத் தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டிலில் அதை மாட்டினால் நரியின் கழுத்துக்கு ஓரளவு ஈடாகும். தரையிலிருந்து 40 சென்டிமீட்டர் உயரத்தில், புதருக்குள் ஒருவர் ஒளித்துவைத்து ஜிபிஎஸ் புள்ளி குறித்துக்கொள்ளட்டும். திசை எடுப்பவருக்கு இடம் தெரியக்கூடாது. பத்து இடத்தில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று திசை எடுத்தால் உங்கள் பிசகு டிகிரியில் வந்துவிடும். நெல் வளர்ந்து நிற்கும்போது ஒரு முறை, அறுவடைக்குப் பின் தரிசில் ஒரு முறை செய்யுங்கள். ஈரப்பயிர் அலையை விழுங்கும், அதனால் கேட்கும் தூரம் இரண்டு பருவத்திலும் ஒன்றாக இராது.

யாகிக்கம்பி:
சிக்னல் அறவே இல்லாத நாளில் வயலுக்குள் அலையாமல் மாடி வீட்டு மொட்டைமாடிக்கு ஏறுங்கள். 2 மீட்டர் உயரத்திலிருந்து அடிவானம் சுமார் 5 கிலோமீட்டர், 8 மீட்டரில் 10. தட்டை நிலத்தில் இதைவிட மலிவான வழி கிடையாது. துடிப்பு வழக்கத்தைவிட இரட்டிப்பு வேகத்தில் கேட்டால், உங்கள் காலரில் இறப்பு அறிவிப்பு வசதி (நெடுநேரம் அசையாவிட்டால் துடிப்பு வேகத்தை மாற்றுவது) இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அன்றைக்கே நேரில் போங்கள். காலர் கழன்று கிடக்கலாம், நரி செத்தும் கிடக்கலாம்.