பாஸ்டிலில் இருந்தது 7 பேர்தான் என்றால் பிள்ளைகள் நம்பவில்லை

நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுப் புரட்சி நடத்துகிறேன். 1789 ஜூலை 14 அன்று பாஸ்டில் சிறையில் இருந்தவர்கள் வெறும் 7 பேர், அதிலும் 4 பேர் போலிப் பத்திரம் தயாரித்தவர்கள் என்றதும் வகுப்பே சிரித்துவிட்டது. பாரிஸ் மக்கள் கூட்டம் பாஸ்டிலைத் தாக்கப் போனது அங்கிருந்த வெடிமருந்துக்காக. காலையிலேயே, முன்னாள் படைவீரர்கள் தங்கியிருந்த இன்வாலிட் மாளிகையில் துப்பாக்கிகளை அள்ளியாயிற்று. மருந்தில்லாத துப்பாக்கி வெறும் தடிதானே!

அதுவரை சரி. ரொட்டி விலையில்தான் மாட்டிக்கொண்டேன். 8 சூவுக்கு (அக்காலப் பிரெஞ்சுக் காசு) விற்ற நான்கு பவுண்டு ரொட்டி, 1788 விளைச்சல் பொய்த்தபின் 14.5 சூ ஆனது. கூலிக்காரருக்கு நாள் சம்பளமே 20, 30 சூ. 1789 அக்டோபர் 5 அன்று சந்தைப் பெண்கள் அரசர் இருந்த வெர்சாய் அரண்மனைக்கு நடந்ததும் இந்த வயிற்றுப்பாட்டால்தான். இதை எளிய தமிழில் சொல்லும் புத்தகமோ கட்டுரையோ தெரிந்தால் சொல்லுங்களேன். திங்கட்கிழமை வகுப்பு.